பென்னிப் பெட்டியிலிருந்து மதராஸ் வரை

உமர் கய்யாமின் ‘ருபாயியாத்’ மேற்கில் பிரபலமான கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் லண்டனில் ஒரு பழைய புத்தகப் பெட்டியிலிருந்து ஆரம்பிப்பார்கள். 1859இல் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் பெயரைப் போடாமல், சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். போணியாகவில்லை. புத்தக வியாபாரி பெர்னார்ட் குவாரிச் விலையைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பென்னிப் பெட்டியில் தூக்கிப் போட்டுவிட்டார். 1861இல் விட்லி ஸ்டோக்ஸ் என்ற ஐரிஷ் அறிஞரின் கண்ணில் அது பட்டது. அவர் வழியாக ரோஸெட்டி, ஸ்வின்பர்ன் என்று கைமாறி, புத்தகம் பிழைத்துக்கொண்டது.

நல்ல கதைதான், பொய்யும் இல்லை. ஆனா பாதிக் கதை. மீதி நம்ம பக்கம் நடந்தது.

ஃபிட்ஸ்ஜெரால்ட் பாரசீகம் படிக்க உட்கார்ந்தது நாற்பது வயதுக்கு மேல். வாத்தியார் அவரைவிட 17 வயது இளைய நண்பர் எட்வர்ட் கவெல். கையில் இருந்தது வில்லியம் ஜோன்ஸ் 1771இல் வெளியிட்ட பாரசீக இலக்கணம். ஜோன்ஸுக்குக் கவிதைமேல் நிஜமான காதல் உண்டு. ஆனா அந்தப் புத்தகத்துக்குத் தேவை வந்தது வேறு இடத்திலிருந்து. முகலாயர் விட்டுச்சென்ற பாரசீகத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோர்ட்டும் வருவாய்க் கணக்கும் 1837 வரை நடந்தன. வங்காளத்தில் வரி வசூலிக்கத் தேவைப்பட்ட படிப்பு, ஹாஃபிஸையும் கய்யாமையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்தது.

1856இல் கவெல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் 158 ருபாய்கள் கொண்ட ஒரு கையெழுத்துப் பிரதியைக் கண்டார். அதே ஆண்டு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு வேலைக்குப் போனார். அங்கே ஆசியக் கழக நூலகத்தில் இன்னொரு பிரதி கிடைத்தது. அதை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பினார். அது இங்கிலாந்து போய்ச் சேர்ந்த 1857 கோடையில், வட இந்தியாவில் சிப்பாய்களின் எழுச்சி வெடித்திருந்தது.

ருபாய் என்பது நான்கடித் தனிப்பாடல். நம்ம தனிப்பாடல் திரட்டுபோல ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும். போட்லியன் பிரதியில் அவை எழுத்து வரிசையில்தான் அடுக்கப்பட்டிருந்தன. ஃபிட்ஸ்ஜெரால்ட் அவற்றைக் கலைத்து, விடியலில் தொடங்கி இரவில் முடியும் ஒரே நாளாகக் கோர்த்தார். இரண்டு மூன்று பாடல்களைப் பிசைந்து ஒன்றாக்கினார். 1899இல் எட்வர்ட் ஹெரான்-ஆலன் மூலத்தோடு ஒப்பிட்டபோது, 49 பாடல்களுக்கு மட்டும் தனித்தனி மூலம் கிடைத்தது. 44 பாடல்கள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றின் கலவை.

மூலமாவது உமருடையதா? அவர் காலமானது 1131இல். போட்லியன் பிரதி எழுதப்பட்டது 1460இல். நடுவே முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. அவர் பெயரில் உள்ள பல பாடல்கள் வேறு கவிஞர்கள் பெயரிலும் உலவுவதை 1897இல் ரஷ்ய அறிஞர் ஜுகோவ்ஸ்கி எடுத்துக்காட்டினார். முப்படிச் சமன்பாடுகளைத் தீர்த்த, நாட்காட்டியைச் சீர்செய்த கணித மேதை என்ற அளவில்தான் உமரை நாம் உறுதியாக அறிவோம்.

பாரசீகக் கவிகளுக்குக் கலைநயம் கொஞ்சம் போதாது, அதனால் அவர்களிடம் உரிமை எடுத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஃபிட்ஸ்ஜெரால்ட் கவெலுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். படிக்கும்போது எரிச்சல் வரும். ஆனா ஸ்பானிய கால்டெரோனையும் கிரேக்க ஈஸ்கிலஸையும்கூட அவர் தன் இஷ்டத்துக்குத்தான் மாற்றினார். வெறும் இனத்திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. திமிரே இல்லை என்றும் சொல்ல முடியாது.

சரி, சென்னை எங்கே வந்தது? பென்னிப் பெட்டியில் புத்தகத்தைக் கண்டெடுத்த ஸ்டோக்ஸ் 1862இல் வேலை நிமித்தம் மதராஸ் வந்தார். அதே ஆண்டு மதராஸில் ‘ருபாயியாத்’ மறு அச்சானது, ஃபிட்ஸ்ஜெரால்டிடம் கேட்காமலே. பின்னணியில் ஸ்டோக்ஸ் இருந்தார் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஃபிட்ஸ்ஜெரால்ட் தானே கொண்டுவந்த இரண்டாம் பதிப்பு 1868இல்தான் வந்தது. அதாவது, லண்டனுக்கு ஆறு வருஷம் முந்திவிட்டது மதராஸ்.

பிற்பாடு கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை உமரைத் தமிழில் பாடியது ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தை வைத்துத்தான். அந்தப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘உமர் சொன்னார்’ என்றுதான் தொடங்குவார்கள். உமரின் பெயரோடு, பெயரே போடாமல் அச்சிட்ட ஃபிட்ஸ்ஜெரால்டையும் கல்கத்தாவில் உட்கார்ந்து நகலெடுத்த கவெலையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.