திருமாலையாண்டான் நிறுத்திய காலக்ஷேபம்

ஆத்தூர் போன்ற ஊர்களில் மார்கழி உபந்யாஸம் கேட்டு வெளிவருவோர் பேசிக்கொள்வதில் பாதி, சொன்னவர் எங்கே தவறினார் என்பதாகவே இருக்கும். இதை இக்காலத்துக் குறை என்று தள்ளிவிட வேண்டா. கேட்கும் முறை பற்றிய வழக்கு உடையவர் காலத்திலேயே திருவரங்கத்தில் எழுந்தது. வியாக்கியானத்திலும் குருபரம்பரை நூல்களிலும் அது பதிவாகியிருக்கிறது.

ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிய பின், அவரிடம் பெற்ற அர்த்தங்கள் சிஷ்யர்கள் பலரிடம் பிரிந்து தங்கின. திருவாய்மொழியின் பொருளைத் திருமாலையாண்டானிடம் கேட்கும்படி எம்பெருமானாரை நியமித்தவர் திருக்கோட்டியூர் நம்பி. இரண்டாம் பத்து, மூன்றாம் திருவாய்மொழி, மூன்றாம் பாசுரத்தில் தடை வந்தது. அறியாப் பருவத்திலேயே கைங்கர்யத்தில் ருசியைப் பிறப்பித்துவிட்டு, பின்னும் சரீர ஸம்பந்தத்தில் வைத்தாயே என்று ஆழ்வார் நொந்துகொள்வதாக ஆண்டான் உரைத்தார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்களில் ஆழ்வார் பெற்ற உபகாரத்தை நினைந்து உகக்கிறாரே, நடுவில் மட்டும் நோவு எப்படிப் பொருந்தும் என்பது எம்பெருமானாரின் ஐயம். சொற்களை மாற்றிக் கூட்டினால், அறியாமையில் கிடந்த அடியேனை அப்பருவத்திலேயே அடிமையில் அன்புடையவனாக்கினாயே என்னும் நன்றியாகும் என்று விண்ணப்பித்தார். ஆண்டானுக்கு அது விச்வாமித்ர ஸ்ருஷ்டியாகப் பட்டது. ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் என்று காலக்ஷேபத்தையே நிறுத்திவிட்டார்.

ஆண்டானைக் குறைகூறுவது எளிது. அவர் காத்ததோ தம் பெருமையை அன்று. பொருள் பெரும்பாலும் வாய்வழியே வந்த காலத்தில், ஆசார்யன் சொல்லோடு பிறர் கருத்துக் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பார் யார்?

செய்தி கேட்டு நம்பி திருவரங்கம் வந்தார். இப்பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்றார். கண்ணன் ஸாந்தீபனியிடம் ஓதியது போன்றதே இவர் உம்மிடம் கேட்பது என்றும் ஆண்டானுக்கு உணர்த்தினார். காலக்ஷேபம் மீண்டும் தொடங்கியது. பின்னொரு சமயம் ஆளவந்தாரின் கருத்து உமக்கு எப்படித் தெரியும் என்று ஆண்டான் வினவ, ஆளவந்தாருக்குத் தாம் ஏகலவ்யன் என்றார் எம்பெருமானார். மறுத்துச் சொன்ன பின்னும் அவர் சிஷ்யர் அமரும் இடத்திலேயே அமர்ந்திருந்தார். அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஆண்டானும் கேட்கக் கற்றார். இது அதனினும் அரிது.

ஈடு இவ்விரு பொருள்களையும் காத்து வைத்திருக்கிறது. ஆண்டானின் பொருள் தள்ளப்படவில்லை. அந்த ஈடும் ஒருவர் கேட்ட முறையால் கிடைத்ததே. நம்பிள்ளை பகலில் சொன்னதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஏடுபடுத்தி வைத்தார். முப்பத்தாறாயிரப்படியாக நாம் ஓதுவது அதுவே.

அதே நம்பிள்ளையின் கோஷ்டிப் பெருக்கைப் பொறாதவர் முதலியாண்டான் வம்சத்துக் கந்தாடைத் தோழப்பர். ஸந்நிதியிலேயே அவரைக் கடுஞ்சொல்லால் இகழ்ந்தார். எம்பெருமானார் ஒரு சொல்லின் சேர்த்தியை மறுத்தார். தோழப்பரோ சொன்னவரையே மறுத்தார். வீடு திரும்பியவரைத் தேவிகள் கண்டிக்க, மன்னிப்பு வேண்டப் புறப்பட்டுக் கதவைத் திறந்தார். வாசலில் நம்பிள்ளையே கிடந்தார். தோழப்பருக்குச் சினம் வரும்படி தாம் நடந்துகொண்டதாக எண்ணிப் பொறுத்தருள வேண்டினார். தோழப்பர் அவருக்கு லோகாசார்யர் என்னும் திருநாமத்தைச் சாற்றினார். வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் குமாரருக்கு இட்ட பெயரும் அதுவே. பிள்ளை லோகாசார்யர் என்று ஸம்ப்ரதாயம் கொண்டாடுபவர் அவர்.