ஒரு படத்துக்குள் பல சிரிப்புக் கதைகள்

ஒரே படத்தில் பல நகைச்சுவைக் கதைகளைச் சொல்லும் முயற்சி தமிழில் 1939-இலேயே நடந்துவிட்டது. அந்த ஆண்டு வந்த ‘சிரிக்காதே’ தனித்தனிச் சிறு நகைச்சுவைகளின் தொகுப்பு. புராணப் படங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் சிரிப்பை மட்டும் நம்பி ஒரு முழுப்படம் எடுத்தது துணிச்சல்தான்.

இப்படிச் சிரிப்பைத் தனியாக வைக்கும் வழக்கத்தின் வேர் மேடையில் இருந்தது. காஞ்சிபுரம், பெருநகர், செய்யாறு வட்டாரத் தெருக்கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் பாரதக் கதையின் நடுவே புகுவான். துரியோதனன் சபையில் நின்றபடியே உள்ளூர் நடப்பைப் பேசுவான். ஸ்பெஷல் நாடகங்களில் அதே வேலையைப் பபூன் பார்த்தார். படம் பேசத் தொடங்கியதும் அந்த வழக்கம் திரைக்கு வந்தது.

வந்த இடத்தில் அதற்குப் புது வடிவம் கொடுத்தவர் என். எஸ். கிருஷ்ணன். ‘சதி லீலாவதி’யில் (1936) அறிமுகமான அவர், டி. ஏ. மதுரத்தோடு சேர்ந்து, படத்தின் சிரிப்புப் பகுதியைத் தம் குழுவைக் கொண்டு தனியாகவே அமைத்துக் கொடுத்தார். மூலக்கதை யாருடையதாக இருந்தாலும் சிரிப்பு அவருடையது. இதன் உச்சம் அண்ணா திரைக்கதை எழுதிய ‘நல்லதம்பி’யில் (1949) வரும் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபம். பழைய கதையில் பக்தர் நந்தனார் தரிசனத்துக்காகச் சிதம்பரம் போனார். இந்தக் கதையில் கிந்தன் படிப்புக்காக ரயிலேறிப் பட்டணம் போகிறான். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அந்தப் பையன் கல்வி அதிகாரியாகி ஊர் திரும்புகிறான். சில நிமிடங்களே வந்தாலும் அது தொடக்கமும் முடிவும் உள்ள முழுக்கதை. விடுதலை பெற்ற இரண்டாம் ஆண்டில் தமிழ்ச் சமூகத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட மிகக் கூர்மையான கதைகளில் ஒன்று.

ஆனால் அது இன்னொரு படத்துக்குள்தான் இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இரண்டாம் உலகப் போர்க்காலப் பிலிம் தட்டுப்பாட்டால் அரசு படங்களின் நீளத்தை 11,000 அடிக்குள் கட்டுப்படுத்தியது. கதை, பாட்டு, சிரிப்பு எல்லாம் அந்த அளவுக்குள் அடங்கவேண்டியதாயிற்று. பிறகு கட்டுப்பாடு போனது. ஒரே டிக்கெட்டில் எல்லாமும் வேண்டும் என்ற வழக்கம் நிலைத்தது. மூலக்கதைக்கு நடுவே தனியாக ஓடும் ‘காமெடி டிராக்’ வளர்ந்தது. தனிச் சிரிப்புத் தொகுப்பு மறைந்தது.

போருக்குப் பிந்தைய இத்தாலியில் நடந்தது வேறு. விட்டோரியோ டி சிகாவின் ‘நேற்று, இன்று, நாளை’ (1963) நேப்பிள்ஸ், மிலான், ரோம் என்ற மூன்று நகரங்களில் மூன்று கதைகளைச் சொல்கிறது. மூன்றிலும் சோபியா லோரனும் மார்செல்லோ மாஸ்திரோயானியும்தான் ஜோடி. நேப்பிள்ஸ் கதையில் கள்ளச் சிகரெட் விற்கும் பெண், கர்ப்பிணியைச் சிறையில் அடைக்கக்கூடாது என்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பெற்றுக்கொண்டே இருக்கிறாள். அதே ஆண்டில் வந்த தீனோ ரிசியின் ‘அரக்கர்கள்’ திடீர்ச் செல்வத்தில் மிதந்த நாட்டின் சுயநலத்தை இருபது துண்டுக் கதைகளில் காட்டியது. அங்கே சிரிப்புக்கு முழுப்படமும் கிடைத்தது.

தமிழில் தொகுப்பு வடிவம் விட்டுவிட்டே வந்தது. கே. பாலசந்தரின் ‘ஒரு வீடு இரு வாசல்’ (1990) இரண்டு கதைகள் கொண்டது. அது நகைச்சுவைப் படம் அல்ல. ஹலிதா ஷமீமின் ‘சில்லுக் கருப்பட்டி’ (2019) நான்கு கதைகளை மெல்லிய புன்னகையோடு சொல்லித் திரையரங்கில் ஓடியது. அடுத்த ஆண்டு ஊரடங்கில் எடுக்கப்பட்ட ‘புத்தம் புதுக் காலை’ தொகுப்பில் கார்த்திக் சுப்புராஜின் பகுதி, பசியோடு திரியும் இருவரை வைத்து அந்த நாட்களின் வறுமையைச் சிரிப்பாக்கியது. 2021-இல் வந்த ‘நவரசா’ தொகுப்பின் ஒன்பது கதைகளில் ஒன்று நகைச்சுவைக்குக் கிடைத்தது: பிரியதர்ஷன் இயக்க, யோகி பாபு நடித்த கதை.