மீன் தொட்டியில் சேரும் நைட்ரேட்

நீங்கள் புதிதாக ஒரு கடல்நீர்த் தொட்டி அமைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில வாரங்கள் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். மீனின் கழிவிலிருந்தும் அது தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அது கொடிய நஞ்சு. சில நாட்களில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் தலைகாட்டும். நான்கு அல்லது ஆறு வாரங்களில் இரண்டும் மறைந்துவிடும். தொட்டி தயாராகிவிட்டது என்று நீங்கள் மகிழும்போது, சோதனைக் குழாயில் வேறொரு நிறம் தோன்றும். அதுதான் நைட்ரேட்.

நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். வடிகட்டி இரவு பகலாக ஓடும். ஆனாலும் நைட்ரேட் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும். மீன்கள் இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால், பவள உயிரிகள் வாழும் வெப்பக்கடல் நீரில் பொதுவாக லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட நைட்ரேட் இருப்பதில்லை. தொட்டியில் அது 40, 50 மில்லிகிராம் ஆனால் பாசி படர்கிறது. பல பவள இனங்கள் வளர்ச்சி குன்றிப் போகின்றன. இதைக் குறைக்கும் வழியை மனிதன் கண்டுகொள்ள ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின. அந்த நீண்ட கதையைச் சற்றுப் பார்ப்போமா?

1846-இல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி, டார்க்கி கடற்கரையில் கிடைத்த பவள உயிரிகளை ஒரு ஜாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கடலோ தொலைவில், நினைத்தபோதெல்லாம் புது நீர் கிடைக்காது. ஆகவே வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னலருகே நின்று, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாள்தோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் ஆற்றிக்கொண்டிருப்பாள். நாம் காப்பி ஆற்றுவதைப் போலத்தான்! நீரில் காற்றுக் கலந்தது, பவளங்கள் பிழைத்தன. அந்தப் பணிப்பெண்ணின் கை என்ன வலி வலித்ததோ, வரலாறு அதைக் குறித்து வைக்கவில்லை.

அதே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலர் வேறு வழியில் முயன்றார். 12 காலன் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் விட்டார். அழுகிய இலைகளைத் தின்று தீர்க்க நத்தைகளையும் சேர்த்தார். செடி வெளியிடும் ஆக்சிஜன் மீனுக்கு. மீனின் கழிவு செடிக்கு. நீரை மாற்றாமலே தொட்டி நிலைத்தது. 1850-இல் இதை அவர் வேதியியல் கழகத்தில் கட்டுரையாக அளித்தார். பிறகு கடல்நீரிலும் பச்சைக் கடற்பாசிகளை வைத்து இதே முறையைச் செய்து பார்த்தார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்றே ஒரு மாளிகை திறக்கப்பட்டது. மீன் தொட்டி வைப்பது ஊரெங்கும் ஒரு மோகமாகப் பரவியது. ஆனால் அளவுக்கு மேல் மீன்களைத் திணித்தால் செடி என்ன செய்யும்? ஆயிரக்கணக்கான தொட்டிகள் நாறிப்போயின.

பெரிய காட்சிசாலைகள் காற்றையே நம்பின. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மீன்காட்சி சாலையை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு, காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருட்டு நீர்த்தேக்கம் ஒன்றைக் கீழே கட்டினார். எந்திரங்கள் நீரைச் சுற்றிவரச் செய்தன. இருட்டில் பாசி வளராது. ஓட்டத்தில் காற்றுக் கலக்கும். காற்றுப் பட்டால் அழுக்கு எரிந்து தீர்ந்துவிடும் என்பதே அக்காலத்து நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை என்று காட்டியவர்கள், மீனைப் பற்றிக் கவலையே படாத இரு பிரெஞ்சுக்காரர்கள். 1877-இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இவ்விருவரும் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரம்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்ல இறக்கினார்கள். இருபது நாட்கள் அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன் பிறகுதான் நைட்ரேட் தோன்றியது. வெறும் காற்றின் வேலையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமல்லவா? குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. தோட்ட மண்ணைக் கரைத்த நீரை ஊற்றினார்கள். சில நாட்களில் மீண்டும் தொடங்கியது. வேலை செய்தவை உயிர்கள்! உங்கள் புதுத் தொட்டியில் நீங்கள் காத்திருக்கும் வாரங்களும், அந்தக் குழாயின் இருபது நாட்களும் ஒன்றேதான்: நுண்ணுயிர்கள் பெருகுவதற்கான காலம்.

இவ்வேலை இரு கட்டமாக, இருவகை நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் கண்டறிந்தவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். முன்னே கண்ட தங்கமீன்காரரின் மகன்! தந்தை தொட்டியில் விட்டுச்சென்ற புதிரை மகன் வயலில் விடுவித்தார் எனலாம். அந்நுண்ணுயிர்களை 1890-இல் தனித்துப் பிரித்தவர் விநோகிராட்ஸ்கி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். அவை செய்து முடிப்பது நைட்ரேட் வரைதான். எனவே நீங்கள் எவ்வளவு காற்றை ஊதினாலும் அம்மோனியா விரைவில் நைட்ரேட்டாகுமே தவிர, நைட்ரேட் ஒரு துளியும் குறையாது. இருபதாம் நூற்றாண்டில் வந்த சரளை வடிகட்டிகளும் சொட்டு வடிகட்டிகளும் இதே வேலையை இன்னும் திறமையாகச் செய்தன. அவற்றை 'நைட்ரேட் தொழிற்சாலை' என்று மீன் வளர்ப்போர் கேலி செய்தது பொருத்தமே.

கணக்குப் போட்டால் விளங்கும். நூற்றுக்கு 45 பங்கு புரதமுள்ள உலர் உணவு ஒரு கிராமில் இருக்கும் நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டானால், சுமார் 320 மில்லிகிராம் வரும். 100 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஏறிவிடும். ஒரே ஒரு கிராம் உணவால்! நீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால் 50 என்பது 40 ஆகும், மறுமுறை 32, ஐந்தாம் முறை சுமார் 16. இடையில் உணவு போடாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. ஊற்றும் நீரிலேயே நைட்ரேட் இருந்தால் அதுவும் வீண். உரமிட்ட வயல்களுக்கு அருகிலுள்ள கிணற்று நீரில் அப்படி இருப்பதுண்டு.

வேறு வழி ஒன்று 1886-லேயே அச்சில் இருந்தது. காயோன், துப்பெதி என்ற பிரெஞ்சு அறிஞர்கள், காற்றில்லாத இடத்தில் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பறித்து வாழ்கின்றன என்றும், மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாக வெளியேறுகிறது என்றும் விளக்கியிருந்தனர். உழவருக்கு இது உர நஷ்டம். மீன் வளர்ப்போருக்கோ பெரும் லாபம். ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ள அவர்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று. காற்றில்லாத இடம் என்றாலே அழுகல், நாற்றம் என்று அஞ்சிப் பழகிவிட்டார்கள் போலும்.

1961-இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் தம் முறையை வெளியிட்டார். பவளப்பாறையிலிருந்து உயிரோடிருக்கும் கற்கள், கடல்நீர், குமிழி விடும் ஒரு குழாய். வடிகட்டி கிடையாது! பலர் நம்பவில்லை. அந்தக் கற்களின் நுண்துளைகளுக்குள் ஆக்சிஜன் குறைவு. அங்கே அந்த நுண்ணுயிர்கள் குடியிருந்தன. பின்னர் பிரான்சின் நீஸ் நகரைச் சேர்ந்த ழான் ழோபேர், இதை மணலிலேயே செய்துகாட்டினார். துளையிட்ட தட்டின்மேல் பருமணல் படுகை. தட்டின் கீழே அசையாத நீர். மேல்மணலில் நைட்ரேட் உண்டாகும். அடிமணலில் அது அழியும். 1989-இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தில் 40,000 லிட்டர் பவளத் தொட்டி இம்முறையில் இயங்கத் தொடங்கியது.

இன்று புதிதாகத் தொட்டி வைப்பவர் உணவை அளந்து போட்டு, நீரை மாற்றி, துளை மிகுந்த கற்களையோ ஆழ்ந்த மணலையோ வைத்துக் காத்திருந்தால் போதும். காற்றில்லா நுண்ணுயிர்கள் மெதுவாகவே பெருகும். ஆகவே முதல் மாதங்களில் நைட்ரேட் ஏறித்தான் இறங்கும். அதுவரை மீன்களைக் கூட்டாதீர்கள். ஆழ்ந்த மணலைக் குச்சியால் கிளறிப் பார்க்கும் ஆவலையும் அடக்கிக்கொள்ளுங்கள். அடியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியிருக்கலாம். அழுகிய முட்டை நாற்றத்தோடு அது மேலே வந்தால், நைட்ரேட்டைத் தாங்கிய மீன்கள்கூட அதைத் தாங்கமாட்டா.