உப்புத்தரையும் ஒரு துண்டுச் சீட்டும்

ரேஸ் என்றால் நம்மூர்க்காரர்களுக்கு உடனே ஞாபகம் வருவது சோழவரம். இரண்டாம் உலகப்போருக்குப் போட்ட விமான ஓடுதளம், போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. 1950களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை நமக்கு ரேஸ் என்றாலே சோழவரம்தான். வெயிலில் காய்ந்து, பெட்ரோல் வாசனை பிடித்து, காது அடைத்து வீடு திரும்புகிற திருவிழா அது.

இன்றைக்கு நான் சொல்லவந்த பந்தயத்தில் இது எதுவும் கிடையாது. பக்கத்தில் இன்னொரு கார் ஓடாது. வளைவு கிடையாது, முந்துவது கிடையாது. ஒரு கார் தனியாகக் கிளம்பும், நேர்கோட்டில் போகும், சில நொடிகளில் புள்ளியாகி, புழுதியாகி, காணாமல் போகும். கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒருவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். அதில் ஒரு எண் இருக்கும். அவ்வளவுதான் பந்தயம். ஜெயித்தால் பரிசுப்பணமும் இல்லை!

அமெரிக்காவில் இதை லேண்ட் ஸ்பீட் ரேஸிங் என்பார்கள். கோடீஸ்வரர்களும் கம்பெனிகளும் செய்த பெரிய உலக சாதனைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் ஆர்வம் வார நாட்களில் வேலைக்குப் போய்விட்டு, சனி ஞாயிறில் வீட்டு ஷெட்டில் கார் கட்டிய அமெச்சூர்கள்மேல். புனே ஆட்டோமொபைல் உலகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் அவர்கள் இஞ்சினைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. காகிதத்தைப் பற்றி எழுதப்போகிறேன். பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு பந்தயத்தை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருந்ததில் காகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கதை லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, மோஹாவி பாலைவனத்தில் தொடங்குகிறது. அங்கே முரோக் என்று ஒரு வறண்ட ஏரி. மழை பெய்தால் மெல்லிய தண்ணீர் நிற்கும். வற்றினால் காரை பூசின மாதிரி வழவழவென்று களிமண் தரை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. 1930களில் கையில் காசில்லாத பையன்கள் பழைய ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, விண்ட்ஷீல்டைக் கழற்றி, வேண்டாத எடையை எல்லாம் கழற்றிவிட்டு அங்கே போய் ஓட்டுவார்கள். ஆரம்பத்தில் நாலைந்து கார்கள் ஒன்றாகக் கிளம்புவதும் உண்டு. முன்னால் போகிறவன் பிழைத்தான். பின்னால் வருகிறவனுக்குப் புழுதியில் எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. அடிபட்டவர்கள் உண்டு, செத்தவர்கள் உண்டு. 1937ல் சில கிளப்புகள் சேர்ந்து சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் ஆரம்பித்தன. பெயரைக் கவனியுங்கள், அதில் 'ரேஸ்' என்ற வார்த்தையே கிடையாது. நேரம் அளக்கும் சங்கம்!

கொஞ்ச நாளில் முரோக்கை ராணுவம் எடுத்துக்கொண்டது. அந்த இடம் பிற்பாடு எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளமானது. 1981ல் கொலம்பியா விண்வெளி ஓடம் முதல் பயணம் முடித்து இறங்கியது அதே ஏரித் தரையில்தான். பையன்கள் எல் மிராஜ் முதலான வேறு ஏரிகளைத் தேடிப் போனார்கள்.

பிறகு போர் வந்தது. பந்தயம் நின்றது, ஆட்கள் பசிபிக் தீவுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் சிதறினார்கள். இந்த இடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வீடா ஆர். இவருடைய கணவர் கார்ல் ஆரும் பந்தயக்காரர். அந்தச் சங்கத்தில் பந்தயம் ஓட்ட அனுமதி பெற்ற முதல் பெண் வீடாதான். 1932 மாடல் ஃபோர்டு ரோட்ஸ்டரில் மணிக்கு 100 மைலைத் தாண்டி ஓட்டியவர். நம் கணக்கில் 160 கிலோமீட்டருக்கு மேல். போர்க்காலத்தில் சங்கத்தின் செய்தி மடலை நடத்த ஆளில்லாதபோது அவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். ராணுவத்துக்குப் போன பையன்களிடமிருந்து வந்த கடிதங்கள், யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்ற சேதி, பழைய ரெக்கார்டுகள் இதையெல்லாம் சேர்த்து, கடல் கடந்து இருந்தவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

எங்கோ ஒரு தீவில், கொசுக்கடியில், வீடு திரும்புவோமா என்பதே தெரியாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் கைக்கு அந்த மடல் போய்ச் சேர்வதை நினைத்துப் பாருங்கள். ஊரைவிட்டு வந்து, நாலு நாள் தாமதமாக வருகிற விகடனுக்காகக் கடைக்காரரிடம் தொங்கிக்கொண்டிருந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதில் என்ன போட்டிருக்கிறது என்பதுகூட இரண்டாம் பட்சம். நாம் விட்டுவந்த இடம் இன்னும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. போர் முடிந்ததும் ஏரிப் பந்தயம் அத்தனை சீக்கிரம் மறுபடி களைகட்டியதற்கு அந்த மடலும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். வந்தவர்களுக்கு யாரைத் தேடிப் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. வீடா பிறகு ஏரிப் பந்தயப் படங்களைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார். இன்றைக்குப் பல சரித்திரங்களில் அவருக்கு ஒரு வரிக்கு மேல் இடம் தருவதில்லை.

திரும்பி வந்தவர்கள் சும்மா வரவில்லை, யோசனைகளோடு வந்தார்கள். பில் பர்க் என்பவர் பசிபிக்கில் இருந்தபோது, போர் விமானங்களின் வயிற்றுக்கு அடியில் மாட்டுகிற உபரி எரிபொருள் டாங்கைப் பார்த்தார். நீர்த்துளி வடிவம். காற்றைக் கிழித்துக்கொண்டு போக இதைவிட நல்ல உருவம் எங்கே கிடைக்கும்? போர் முடிந்ததும் அந்த டாங்குகள் ராணுவக் கழிவுக் கடைகளில் சொற்ப விலைக்குக் குவிந்து கிடந்தன. 1946ல் ஒன்றை வாங்கி, அதற்குள் இஞ்சினை வைத்து, தானும் உள்ளே உட்கார்ந்து ஓட்டினார். பெல்லி டாங்க் லேக்ஸ்டர் என்ற ஒரு இனமே அதிலிருந்து பிறந்தது.

ஆனால் ஊருக்குள் இவர்களுக்கு நல்ல பெயர் இல்லை. தெருவில் ரேஸ் ஓட்டி ஆளைக் கொல்கிறவர்கள் என்று செய்தித்தாள்கள் எழுதின. தெருவில் ஓட்டியவர்களும் இருந்தார்கள், செத்தவர்களும் இருந்தார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஏரிக்குப் போய் முறையாக ஓட்டுகிறவனையும், சிக்னலில் உறுமுகிறவனையும் ஒரே பெயரில் 'ஹாட் ராடர்' என்று திட்டியதுதான் பிரச்சினை. தடைச் சட்டம் வரவேண்டும் என்ற பேச்சும் கிளம்பியது.

அந்த நேரத்தில், 1948 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலஸ் ஆர்மரி கட்டடத்தில் சங்கத்தின் சார்பில் ஒரு ஹாட் ராட் கண்காட்சி நடந்தது. ராபர்ட் பீட்டர்சன், ராபர்ட் லிண்ட்சே என்ற இரண்டு இளைஞர்கள் அங்கே 25 சென்ட் விலையில் ஒரு புதுப் பத்திரிகையை விற்றார்கள். பெயர் 'ஹாட் ராட்'. முதல் இதழ் 10,000 பிரதிகள். திட்டுவதற்குப் பயன்பட்ட வார்த்தையையே அட்டையில் பெரிதாகப் போட்டார்கள் பாருங்கள், அது சாமர்த்தியம்.

அடுத்த வருஷம் ஆசிரியராக வந்தவர் வாலி பார்க்ஸ். நேரம் அளக்கும் சங்கத்தின் முக்கியப் புள்ளி. இதுதான் இந்தக் கதையின் வேடிக்கை: பந்தயம் நடத்துகிறவரே பத்திரிகையும் நடத்துகிறார். இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் நடுநிலை எங்கே என்று கேட்போம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பத்திரிகை இல்லாவிட்டால் இவர்கள் பக்கத்தைச் சொல்ல வேறு யார் இருந்தார்கள்? 1957ல் பத்திரிகையின் பிளிமத் காரை (அதற்கு 'சடன்லி' என்று பெயர்) டேடோனா கடற்கரையில் 160 மைலுக்குச் சற்றே குறைவான வேகத்தில் ஓட்டியவரும் ஆசிரியர் பார்க்ஸேதான். ஆசிரியர் குழுவில் இப்படி ஒருவர் இருந்தால் கட்டுரை வராமல் என்ன செய்யும்!

பார்க்ஸ், பீட்டர்சன் முதலானோர் பேசிப் பேசி, யூட்டா மாநிலத்து போனவில் உப்புத்தரையில் ஓட்ட அனுமதி வாங்கினார்கள். அதுவரை அந்த உப்புத்தரை பெரிய மனிதர்களின் இடம். 1947ல் ஜான் காப் என்ற இங்கிலாந்துக்காரர் இரண்டு விமான இஞ்சின் பூட்டிய காரில் 394 மைல் வேகம் தொட்டது அங்கேதான். 1949 ஆகஸ்டில் ஷெட்டில் கட்டிய கார்களோடு பையன்கள் அதே உப்பில் இறங்கினார்கள். முதல் ஸ்பீட் வீக். அலெக்ஸ் ஸிடியாஸும் டீன் பேட்சலரும் கொண்டுவந்த கார், சாதாரண ஃபோர்டு வகை வி8 இஞ்சினை வைத்துக்கொண்டு 189 மைல் வேகத்தில் ரெக்கார்டு போட்டது. பேட்சலர் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்து, ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து திரும்பியவர். பிற்பாடு அவரும் பத்திரிகைக்காரராகி 'ரோட் அண்ட் டிராக்' ஆசிரியராக இருந்தார்.

பந்தயத்தைப் படம் பிடிக்க முடியாது என்று சொன்னேன் அல்லவா? அந்தக் குறையை 'ஹாட் ராட்' வேறு விதமாகச் சமாளித்தது. ஓடுகிற காருக்குப் பதில், நிற்கிற காரைத் திறந்து காட்டினார்கள். ரெக்ஸ் பர்னெட் என்ற ஓவியர் காரின் தோலை உரித்து, உள்ளே இஞ்சின், சேஸிஸ், டிரைவர் உட்காரும் இடம் எல்லாம் தெரிகிற மாதிரி வரைந்த படங்களைப் பார்த்தால் நமக்கே ஒரு ஸ்பேனர் எடுக்கத் தோன்றும். எங்கோ ஒரு விவசாய ஊரில் இருந்த பையன் அதைப் பார்த்துத்தான் கார் கட்டக் கற்றுக்கொண்டான். அப்புறம் ரிசல்ட் பட்டியல். பெயர், ஊர், இஞ்சின், வேகம். பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் வருஷம் முழுக்க உழைப்பு.

இதே பத்திரிகைதான் இவர்களைக் கொஞ்சம் ஓரம் கட்டவும் செய்தது என்பது என் கருத்து. 1951ல் பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பித்தார். கால் மைல் டிராக் பந்தயம் ஊருக்கு ஊர் பரவியது. டிக்கெட் விற்கலாம், கண்ணெதிரே பத்து நொடியில் முடிவு தெரியும், உதிரிபாகக் கம்பெனிகளின் விளம்பரம் வரும். உப்புத்தரையில் விற்க என்ன இருக்கிறது? ஸ்பீட் வீக் வருஷத்துக்கு ஒரு கட்டுரை என்றானது.

1960 செப்டம்பரில் மிக்கி தாம்ப்ஸன், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அச்சகத்தில் வேலை பார்த்தவர், நாலு போன்டியாக் இஞ்சின் பூட்டிய காரில் ஒரு பக்கம் 406 மைல் போனார். காப்பைத் தாண்டிவிட்டார். ஆனால் சர்வதேச விதிப்படி ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த் திசையிலும் ஓட்டி, சராசரி எடுக்க வேண்டும். திரும்பும்போது கார் மக்கர் பண்ணிவிட்டது. ரெக்கார்டு புத்தகத்தில் காப் பெயரே நின்றது.

அதைவிட எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருப்பது பாப் சம்மர்ஸ், பில் சம்மர்ஸ் சகோதரர்கள் கதை. ஒரு பழைய காய்கறிக் கடையில் வைத்து 'கோல்டன்ராட்' என்ற காரைக் கட்டினார்கள். நாலு கிரைஸ்லர் இஞ்சின்களை வரிசையாக வைத்த ஒல்லிக் கார். 1965 நவம்பர் 12ந் தேதி, 409.277 மைல். இஞ்சின் சக்தி சக்கரத்துக்குப் போகிற பிஸ்டன் கார்களில் அதுதான் உச்சம். 1991ல் அல் டீக் 409.986 மைல் தொடும்வரை அப்படியே இருந்தது. ஆனால் தேதியைப் பாருங்கள். நவம்பர் 2ல் கிரெய்க் பிரீட்லவ் ஜெட் காரில் 555. ஏழாம் தேதி ஆர்ட் ஆர்ஃபன்ஸ் ஜெட் காரில் 576. பதினைந்தாம் தேதி மறுபடி பிரீட்லவ் 600. நடுவில் மாட்டிக்கொண்ட 409 யார் காதில் விழும்? அந்தக் கார் இப்போது ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் இருக்கிறது.

2019 டிசம்பரில் 'ஹாட் ராட்' நிறுவனம் தன் 22 அச்சு இதழ்களில் 19ஐ நிறுத்துவதாக அறிவித்தது. 'ஹாட் ராட்' தப்பிய மூன்றில் ஒன்று. உப்பும் குறைந்துகொண்டே வருகிறது. 2014, 2015, 2022 ஆகிய வருஷங்களில் தரை சரியில்லாமல் ஸ்பீட் வீக் ரத்து. ஆனால் முறை மாறவில்லை. ஒரு நாள் பழைய ரெக்கார்டைத் தாண்டி ஓட்ட வேண்டும், மறுநாள் காலை இன்னொரு தடவை, இரண்டின் சராசரிதான் கணக்கு. நூற்றுக்கணக்கான பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு எண்.

அந்த எண்ணில் தப்பு வந்தால்? பர்ட் மன்ரோ, நியூசிலாந்து இன்வர்கார்கில் ஊர்க்காரர். 1920 மாடல் இந்தியன் ஸ்கவுட் பைக்கை வாழ்நாள் முழுக்கச் செதுக்கிக்கொண்டே இருந்தவர், பிஸ்டன்கூட ஷெட்டிலேயே வார்ப்பார். (2005ல் வந்த 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' அவர் கதைதான். பெயரைப் பார்த்து நம்மாள் என்று நினைத்துப் போன நண்பர்கள் எனக்கு உண்டு :-)) 1967ல், 68 வயதில், போனவில்லில் ஆயிரம் சிசிக்குக் கீழான பிரிவில் 183.586 மைல் என்று ரெக்கார்டு எழுதப்பட்டது. 1978ல் காலமானார். பல வருஷம் கழித்து அவர் மகன் பழைய காகிதங்களைப் பார்த்தபோது, இரண்டு ஓட்டங்களின் சராசரியைப் போட்டதில் கூட்டல் உதைப்பதைக் கண்டுபிடித்தார். அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் சரிபார்த்து, 2014ல் எண்ணைத் திருத்தி எழுதியது: 184.087.