போலீஸ் விசாரணையும் அப்பாவின் துப்பாக்கியும்

போன மாதம் எங்கள் ஊரிலிருந்து உறவுக்காரத் தம்பி ஒருவர் வந்திருந்தார். பழனி மலையடிவாரத்தில் ஐந்து ஏக்கர் வைத்திருக்கிறார். காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கிறாராம். ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "மாமா, என்ன கேப்பாங்க? என்ன சொல்லணும்? நீங்க ஒரு தடவ போயிருக்கீங்கள்ல?" என்றார்.

போயிருக்கிறேன். 1994இல். முப்பது வருடம் ஆகியும் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வரலாற்று வாத்தியாராக முப்பத்து நான்கு வருடம் ஓட்டியவன் என்பதால் எதையும் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கித்தான் பழக்கம். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் ஆயுதத்துக்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்ற நிலை பாளையக்காரர் போரோடு தொடங்குகிறது. அதற்கு முன் பாளையங்களில் வேலும் வாளும் வளரியும் நாட்டுத் துப்பாக்கியும் காவல்காரர் கையில் சாதாரணமாக இருந்தவை. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள், 1801 டிசம்பர் 1ஆம் தேதி, சென்னை கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பிளாசிப் போரை நடத்திய ராபர்ட் கிளைவின் மகன் இவர். தென் சீமைக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். பாளையக்காரர்களின் கோட்டைகளையும் இடித்துத் தள்ளினார்கள்.

நாடு முழுமைக்கும் இந்த நிலை வந்தது 1857க்குப் பிறகு. 1860இல் ஒரு சட்டம், பிறகு 1878இல் வைசிராய் லிட்டன் காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம். அதே ஆண்டில்தான் லிட்டன் சுதேச மொழிப் பத்திரிகைகளுக்கும் வாய்ப்பூட்டுப் போட்டார். பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த ரிப்பன் 1882இல் எடுத்துவிட்டார். சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாரே, அதே ரிப்பன்தான். ஆயுதச் சட்டத்தை அவரும் தொடவில்லை. 1878 சட்டத்தின் கீழ் வந்த விலக்குகளில் ஐரோப்பியர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று வைத்துக்கொண்டார்கள். குடகு நாட்டுக் கொடவர்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள்; அந்த விலக்கு இன்றும் தொடர்கிறது. மற்றவர்கள் கைகட்டி நின்று கேட்க வேண்டும். அதில் இருந்த அவமானத்தைத்தான் அன்றைய தலைவர்கள் பேசினார்கள். 1931இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஓர் அம்சமாக இருந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு எழுதிய அரசியலமைப்பில் அந்த உரிமை இடம் பெறவில்லை. பழைய சட்டத்துக்குப் பதிலாக 1959இல் புதுச் சட்டம் போட்டார்கள். அது 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு உண்டு. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்பது. வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கி என்றாலே மிராசுதார், ஜமீன்தார் சமாசாரம். அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள். பயிர்ப் பாதுகாப்புக்காக, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்கும் விவசாயிக்கும் அந்தச் சட்டத்தில் தனியாக இடம் இருந்தது.

அப்படி வாங்கியவர்தான் என் அப்பா. 1965ஆம் வருடம். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். கடலையும் சோளமும் விளையும் காடு. ராத்திரியானால் பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டுவதே எங்கள் குடும்பத்துக்கு வேலை. கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுத்த மனுவில் அப்பா கையெழுத்துப் போட்டார். பிறகு ஒருநாள் சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து சாவடியில் உட்கார்ந்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றே கேள்விதான். நிலம் எவ்வளவு? யார் கூடவாவது வழக்கு வம்பு உண்டா? சுடத் தெரியுமா? சட்டம் மாறியும் முதல் கேள்வி சொத்துதான் என்பதைக் கவனியுங்கள். கடைசிக் கேள்விக்கு அப்பா "தெரியாதுங்க, கத்துக்கிறேன்" என்றார். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். வழக்குக் கேள்விக்கு அப்பா முந்திய நாள் ராத்திரி முழுக்கப் பதில் யோசித்திருந்தார். பங்காளி ஒருவரோடு வாய்க்கால் தகராறு இருந்தது. மறைக்காமல் சொல்லிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

அந்தத் துப்பாக்கி இருபத்தெட்டு வருடம் எங்கள் வீட்டில் இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். அந்த ரசீதை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு சுடுவது அநேகமாக நின்றே போனது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கே பன்றிக் கூட்டம் ஒரு வாரம் எட்டிப் பார்க்காது.

1993 கடைசியில் அப்பா காலமானார். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசுகளில் ஒருவர் புதிதாக மனுச் செய்ய வேண்டும். காட்டைப் பார்த்துக்கொண்டது என் தம்பி. ஆனால் மனுவை என் பெயரில் போடு என்று அம்மா சொன்னார்கள். காரணத்தை அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், கடனும் விளைச்சல் பொய்த்ததும் சேர்ந்து நெருக்கிய ஒரு சமயத்தில், தம்பி உயிரை விட்டுவிடத் துணிந்து, நல்லவேளையாகப் பிழைத்து வந்தவன். அது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டோம். மானம் ஒரு காரணம். இன்னொரு காரணம் சட்டம். அப்போது தற்கொலை முயற்சி இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை. பிழைத்து வந்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சட்டம். எத்தனை குடும்பங்கள் அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டன என்று நினைத்துப் பாருங்கள்.

மனு படிவத்தைப் பூர்த்தி செய்து திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்தேன். கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் என்று வருவாய்த்துறை விசாரணை ஒரு பக்கம், போலீஸ் விசாரணை ஒரு பக்கம். நான் விசாரணைக்குப் பரீட்சைக்குப் படிப்பதுபோலத் தயாரானேன். பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர் இருந்தார். சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் கேட்க, நான் சொல்ல, ஒரு நோட்டில் இருபது கேள்வி பதில் எழுதிவைத்தேன்.

"எதுக்கு சார் துப்பாக்கி?" என்பார். "பயிர்ப் பாதுகாப்புக்கு" என்று சொல்ல வேண்டும். யாருக்காவது பயந்து என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. உடனே யார் அந்த ஆள், என்ன பகை என்று அடுத்த பத்துக் கேள்வி வரும். "பன்னிய சுடுவீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்களாம். வனத்துறை அனுமதியில்லாமல் சுட மாட்டேன், வெடிச்சத்தம் காட்டி விரட்டத்தான் என்று சொல்ல வேண்டும். சிட்டா, அடங்கல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய லைசென்ஸ் புத்தகம், ஸ்டேஷன் ரசீது எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்தேன். என்மேல் வழக்கு எதுவும் இல்லை. அமைதி காக்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் என்னிடம் ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கியதில்லை. குடிப்பழக்கம் இல்லை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார். வாத்தியார்ங்கிறதால பாடம் நடத்திராதீங்க" என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். நான் எதிர்பார்த்த கேள்விகள்தான் வந்தன. நோட்டில் இருந்தபடியே சொன்னேன். காகிதங்களைப் புரட்டிப் பார்த்தவர், நிமிர்ந்து கேட்டார்: "சார், நீங்க டவுன்ல குடியிருக்கீங்க. காடு பன்னெண்டு கிலோமீட்டர். நீங்க இல்லாத ராத்திரி பெட்டிச் சாவி யார்ட்ட இருக்கும்?"

அது நோட்டில் இல்லாத கேள்வி.

"என்கிட்டதான் சார்" என்றேன்.

"அப்ப பன்னி வர்ற ராத்திரி பூரா நீங்க அங்க இருப்பீங்களா?"

"இருப்பேன் சார்."

"வீட்டுல வேற யாரு? தம்பி மட்டுமா? அவருக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"இல்ல சார்."

அவர் எழுதிக்கொண்டார். நல்லபடியாக முடிந்தது. ரிப்போர்ட் சாதகமாகப் போகும் என்று வெளியே ரைட்டர் சொன்னார். பஸ் ஏறினேன். ஊர் வந்து இறங்கும்வரை அந்தச் சாவிதான் நினைவில் இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் பரணில் உட்காரப் போவதில்லை. சாவி தம்பியிடம்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் தம்பிமேல் பழைய விஷயம் கிளம்பியிருக்கும். சொல்லாமல் விட்டதால் துப்பாக்கி வீட்டுக்கு வரப்போகிறது. இருபது கேள்விக்குத் தயாரான எனக்கு, இது ஒன்றுதான் கேள்வி என்று அதுவரை உறைக்கவில்லை. அரசாங்கத்துக்கு நம்மேல் இருக்கும் பயத்தைத் தீர்ப்பதற்குத்தான் விசாரணை என்று நினைத்திருந்தேன். 1801இலிருந்து படித்ததும் படிப்பித்ததும் அதுதான். அந்த இன்ஸ்பெக்டர் கேட்டது எங்கள் வீட்டுக்குள் இருப்பவனைப் பற்றி.

மூன்று நாள் தூக்கமில்லை. நான்காம் நாள் கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சொந்தக் காரணங்களால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஸ்டேஷனில் உள்ள துப்பாக்கியை விற்க அனுமதிக்க வேண்டும் என்று. பிறகு அதை லைசென்ஸ் உள்ள ஒரு வியாபாரியிடம் கொடுத்தேன். வந்த பணம் அந்த வருடக் கடலை விதைக்கே காணவில்லை.

தம்பிக்குக் கடுங்கோபம். அப்பா தொட்ட பொருளை விற்றுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னான். அந்த வருடம் பன்றி புகுந்து ஒன்றரை ஏக்கர் கடலையை உழுதுவிட்டுப் போனது. இரண்டு பொங்கலுக்கு என் வீட்டுப் படி ஏறவில்லை. நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவனை நம்பவில்லை என்றாகிவிடும். ஒருவகையில் அது உண்மையும்கூட. இன்று அவனுக்கு அறுபத்தாறு வயது. பேரன் பேத்தி எடுத்துவிட்டான். இதை எழுதும் முன் அவனைக் கூப்பிட்டு முதல்முறையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேர் போடாம எழுதுங்கண்ணே. அந்தக் கடல போனது போனதுதான்" என்றான். இன்னும் கோபம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் நிறைய மாறிவிட்டது. 2016இல் வந்த புது விதிகளின்படி மருத்துவச் சான்று வேண்டும், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி வேண்டும், எங்கே எப்படிப் பூட்டி வைப்பேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். 2019 திருத்தத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து வருடமானது. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவும் வேண்டும். எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது 2017இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம். உயிரை விடத் துணிந்து பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது அது. 1994இல் அது இருந்திருந்தால் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

வந்த தம்பிக்கு ஏட்டு சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சொன்னேன். காகிதங்களை வரிசையாக அடுக்கச் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னேன். கடைசியில், "வீட்டுல யார் யார் இருக்காங்க? சாவி யார்ட்ட இருக்கும்?" என்று கேட்டேன். "நான்தான் மாமா, பெரியவன் காலேஜ் முடிச்சிட்டு ரெண்டு வருசமா வீட்டுலதான் இருக்கான். யார்கூடவும் பேச மாட்டேங்கிறான்" என்றார். சொல்லிவிட்டு அவரே சற்று நிறுத்தினார்.

காபி ஆறிக்கொண்டிருந்தது. துப்பாக்கியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் பையனை ஒருநாள் இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.