மொனே தீட்டிய புயற்கடல்

புயற்கடலைத் தீட்டிய முன்னை ஓவியர் பலர் உடைந்த கப்பலையும் உயிருக்குப் போராடும் மாலுமிகளையுமே நடுவில் நிறுத்தினர். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே அவ்வழியிற் செல்லவில்லை. 1840ஆம் ஆண்டிற் பரிஸ் நகரிற் பிறந்த அவர், லெ ஹாவ்ர் துறைமுகத்தில் வளர்ந்தவர். கண்டதை வெட்டவெளியில் நின்று கண்டவாறே தீட்டும் பழக்கத்தை ஓவியர் யூஜின் பூடேனிடம் கற்றவர்.

அத்துறைமுகத்தின் அலைதடுப்பணையை இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட அகலமுள்ள சீலையில் அவர் வரைந்தார். அணையில் அலைகள் மோதிச் சிதறுகின்றன. வெளிச்சவீடு நிமிர்ந்து நிற்கின்றது. ஊரார் காற்றை எதிர்த்து நடக்கின்றனர். முகிலிடையே வானவில் தோன்றுகின்றது. கப்பற்சேதமும் இல்லை, வீரச்செயலும் இல்லை.

1868ஆம் ஆண்டிற் பரிஸ் ‘சலோன்’ கண்காட்சியின் நடுவர்கள் அவ்வோவியத்தை ஏற்க மறுத்தனர். அதே ஆண்டில் லெ ஹாவ்ர்க் கடற்றுறைக் கண்காட்சியில் மொனே வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஆயினும் அங்கு வைத்த ஓவியங்களைக் கடன்காரர் கைப்பற்றினர். வறுமை வாட்டியும் அவர் வழி மாறினாரல்லர். 1872இல் அதே துறைமுகத்தின் சூரியோதயத்தைத் தீட்டினார். 1874இற் காட்சிக்கு வந்த அவ்வோவியத்தின் தலைப்பைக் கொண்டு விமரிசகர் ஒருவர் செய்த ஏளனமே ‘இம்பிரெஷனிசம்’ என்னும் புதுநெறிக்குப் பெயராயிற்று. கண்டதைக் கண்டவாறே தீட்டும் அந்தப் பழைய பழக்கமே அதற்கு அடிப்படையும் ஆயிற்று.