பண்டிகைப் பசுங்கழிவும் பம்மல் மகளிரின் குப்பைப் பணியும்

பம்மல், சென்னையின் தென்புறநகரில் பல்லாவரத்தை ஒட்டி அமைந்த ஊர். வீட்டுக் குப்பையை வாசலிலேயே பிரித்து வாங்கி, மக்குவதை உரமாக்கும் பணியை இங்கு ஒரு மகளிர் குழு 1994-இல் தொடங்கியது. பண்டிகை முடிந்து தெருவுக்கு வரும் மரமும் கிளையும் தழையும் மண்ணாக மாறுவதா, புகையாக மாறுவதா என்பது இத்தகைய சேகரிப்பு ஊரில் இருப்பதைப் பொறுத்தது.

மேலைநாடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்பது ஊசியிலை மரம். ஜெர்மானியர் வழக்கமான அது 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவி, அங்கிருந்து பல நாடுகளுக்குச் சென்றது. பம்மலுக்கு அருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஆங்கிலேயர் படை முகாம் இருந்தது; ஆங்கிலோ இந்தியர் குடியிருப்புகளும் உண்டாயின. கடலோரத் தமிழ்நாட்டில் அத்தகைய மரம் எளிதில் வளராது. அந்த இடத்தைச் சவுக்கு பிடித்துக்கொண்டது. சவுக்கும் இந்த மண்ணுக்குரியது அன்று. விறகுத் தேவைக்காக 19-ஆம் நூற்றாண்டில் சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் பெருமளவில் நடப்பட்ட மரம் அது. பார்வைக்கு ஊசியிலை போலிருந்தாலும் அது ஊசியிலைக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. ஊசியாகத் தெரிபவை உண்மையில் மெல்லிய பச்சைக் கிளைகள். பிளாஸ்டிக் மரம் கடைக்கு வருவதற்கு முன் பல வீடுகளில் ஒரு சவுக்குக் கிளையைத் தொட்டியில் நட்டுப் பஞ்சும் நட்சத்திரமும் கட்டுவார்கள். இப்போதும் அந்த வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை.

சவுக்கு மட்டும் பண்டிகைக் கழிவு இல்லை. ஆயுதபூசைக்கு வாழைக்கன்றும் உடைத்த பூசணியும், ஆடியில் வேப்பிலையும், பொங்கலுக்குக் கரும்புச் சோகையும் மஞ்சள் கொத்தும் தெருமுனையில் குவிகின்றன. அளவில் கிறிஸ்துமஸ் சவுக்கைவிட இவையே அதிகம். எல்லாம் பிளாஸ்டிக் பையோடும் சாப்பாட்டு மிச்சத்தோடும் ஒரே தொட்டியில் விழும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கலந்துவிட்ட குப்பையை உரமாக்குவது கடினம்.

பம்மல் மகளிர் பிடித்துக்கொண்டது இந்த ஒரு புள்ளியைத்தான். ஸ்ரீசங்கரா நகரில் குப்பை தேங்கிக் கிடந்ததைக் கண்டு, மங்களம் பாலசுப்பிரமணியன் தலைமையில் அப்பகுதிப் பெண்கள் சிலர் மகளிர் மன்றமாகச் சேர்ந்தனர். ஆள் வைத்து வீடுவீடாகக் குப்பை வாங்கினர். செலவுக்கு வீட்டுக்காரர்களிடம் மாதச் சந்தா கேட்டனர். வரி கட்டுகிறோமே, இது எதற்கு என்று கேட்பது எந்தத் தெருவிலும் இயல்பு. பணம் வாங்குவதைவிடக் கடினமானது மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகக் கொடுக்கச் செய்வது. சுவரொட்டி ஒட்டினால் அது நடந்துவிடாது. தினமும் வாசலுக்கு வரும் ஆள்தான் கலந்து கொடுத்த வாளியைத் திருப்பிக் காட்ட முடியும்.

இதே காலத்தில் சென்னையில் எக்ஸ்னோரா இயக்கம் வேரூன்றியிருந்தது. எம். பி. நிர்மல் 1989-இல் தொடங்கிய அவ்வமைப்பு, தெருவாசிகளே மன்றம் அமைத்துக் குப்பையைக் கவனிக்கும் முறையைப் பரப்பியது. பம்மல் பணியும் அதனுடன் இணைந்து, பின்னர் 'எக்ஸ்னோரா கிரீன் பம்மல்' என்ற பெயரில் வளர்ந்தது. உள்ளாட்சியின் ஒத்துழைப்பாலும் யுனிசெப், பெப்சிகோ ஆகியவற்றின் ஆதரவாலும் ஒரு நகரின் வேலை ஊரின் பல பகுதிகளுக்கு விரிந்தது. மக்கும் குப்பை மண்புழு உரமானது; சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்றும் அமைக்கப்பட்டது.

உரமாக்கும் முறை எளிதானது. தழையும் காய்கறிக் கழிவும் சாணக் கரைசலுடன் சில நாள் மட்கி, சூடு தணிந்தபின் மண்புழு விடப்படும். வாழைக்கன்றும் வேப்பிலையும் நறுக்கிப் போட்டால் விரைவில் மட்கும். சவுக்கு அப்படியில்லை. அதன் ஊசிகளில் துவர்ப்புப் பொருள் மிகுதி. தோப்பின் அடியில் மெத்தை போல அவை நாள்கணக்கில் கிடப்பது இதனால்தான். பொடியாக நறுக்கி மற்ற தழையுடன் கலக்க வேண்டும். தண்டைத் தனியே எடுத்துவிட வேண்டும். நியூயார்க் நகரில் ஆண்டுதோறும் சனவரியில் கிறிஸ்துமஸ் மரங்களை வாங்கி, இயந்திரத்தில் சில்லுகளாக்கிப் பூங்காச் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்புகிறார்கள். அங்கும் பொம்மை, விளக்கு, கம்பி அனைத்தையும் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வாளியைத் திருப்பிக் காட்டும் பம்மல் ஆளின் விதியும் அதுவே.

சட்டம் பின்னர்தான் வந்தது. நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000-இல் வெளியாயின. அவற்றுக்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு விதிகள், தோட்டக் கழிவைத் தனியே வைத்து உள்ளாட்சி சொல்லும் வழியில் ஒப்படைக்க வேண்டும் என்றும், குப்பையைத் தெருவில் எரிக்கக் கூடாது என்றும் கூறின. முதல் விதிகளுக்கும் ஆறு ஆண்டு முந்தியது பம்மல் மகளிரின் முயற்சி. 2021 நவம்பரில் பம்மல் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தெருமன்றத்தின் கையிலிருந்தபோது குப்பை யாருடையது என்பது அத்தெருவுக்குத் தெரியும். நகரம் பெரிதாகப் பெரிதாக அந்த நெருக்கத்தைக் காப்பாற்றுவது கடினமாகிறது என்பது என் கருத்து.

கிறிஸ்துமஸ் மரத்தைச் சனவரி 6 வாக்கில் எடுத்துவிடுவது வழக்கம். ஒரே வாரத்தில் போகி வருகிறது. காய்ந்த சவுக்கு நெருப்புக்கு மிகவும் ஏற்றது. எண்ணெய் ஊற்றாமலே பற்றிக்கொள்ளும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து, பம்மலுக்கு அடுத்துள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விமானங்கள் பல தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அண்மை ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி, போகிக்கு முன்பே பழைய பாய், துணி, டயர் ஆகியவற்றை வீடுகளில் தனியே வாங்கிக்கொள்கிறது. அந்த வண்டி வரும் நாளும் சவுக்குக் கிளை வாசலுக்கு வரும் நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.